கேள்வியக்கா நம்பாத பூஜ்யம்

பூஜ்யத்தைப் பார்த்து யாருக்காவது பயம் வருமா? ரத்த வங்கியின் கேள்வியக்காவுக்கு வந்தது.

அவளுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. ரத்தம் கொடுக்க வருகிறவர்களைத் தனியறையில் உட்கார வைத்து, கதவைச் சாத்தி, முப்பத்திரண்டு கேள்வி கேட்பது அவள் வேலை. காய்ச்சல் வந்ததா, பல் பிடுங்கினீர்களா என்று சாதுவாகத்தான் தொடங்கும். இருபதாவது கேள்வியைத் தாண்டியதும் எதிரே இருப்பவர் நெளிய ஆரம்பிப்பார். கட்டியவரைத் தவிர வேறு யாருடனாவது உறவு உண்டா, மறைவிடத்தில் புண் வந்ததுண்டா என்றெல்லாம், குடை கொண்டு வந்தீர்களா என்று விசாரிக்கிற குரலில் கேட்பாள். முறுக்கு மீசைப் பயில்வான்களே அந்த நாற்காலியில் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறார்கள்.

மாதக் கடைசியில் அறிக்கை எழுதுவதும் அவள்தான். எத்தனை பேர் ரத்தம் கொடுத்தார்கள், எத்தனை பேர் ரத்தத்தில் தொற்று இருந்தது என்று நோய்வாரியாகக் கட்டம் போட்டு எழுத வேண்டும். அதில் சிபிலிஸ் என்று ஒரு கட்டம். பாலுறவில் ஒட்டிக்கொள்ளும் பழைய நோய் அது. முதலில் வலியில்லாமல் ஒரு புண் வரும், தானே ஆறிவிடும். அப்புறம் ஆளும் நன்றாக இருப்பார், நோயும் உள்ளே நன்றாக இருக்கும். மூன்று வருடமாக அந்தக் கட்டத்தில், மாதம் ஐந்நூறு பேருக்கு மூன்று, நான்கு, ஐந்து என்றுதான் எழுதி வந்தாள். போன மாதம் பூஜ்யம். இந்த மாதமும் பூஜ்யம்.

பெரிய டாக்டர் அந்தப் பூஜ்யத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

"பாத்தியாம்மா, ரெண்டு மாசமா ஒரு கேஸ் இல்ல! தலைமை அலுவலகத்துலேர்ந்து அடுத்த வெள்ளிக்கிழமை வராங்க. பாதுகாப்பான ரத்தத்துக்கு நமக்குத்தான் கேடயம். சீக்கிரம் கையெழுத்தப் போட்டுக் குடு."

அறிக்கைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும், டாக்டருடையது ஒன்று, அவளுடையது ஒன்று. அவள் பேனாவைத் திறந்தாள், மறுபடி மூடினாள்.

"நாளைக்குப் போடறேன் சார்."

அவள் மனதில் ஒரு முகம் வந்துவிட்டிருந்தது. ஆறு வாரத்துக்கு முன்னால் ரத்தம் கொடுத்த ஒரு பஸ் டிரைவருடைய முகம். ரத்தம் கொடுத்து முடித்ததும் ஒவ்வொருவரையும் தட்டிக்கு மறைவாக அனுப்புவார்கள். அங்கே ஒரு சீட்டு இருக்கும். 'என் ரத்தத்தை மற்றவருக்குக் கொடுக்கலாம்' என்று ஒரு கட்டம், 'வேண்டாம்' என்று ஒரு கட்டம். நண்பர்கள் முன்னால் மறுக்க முடியாமல் வந்து கொடுத்தவர்களுக்கு அது ஒரு பின்வாசல். டிரைவர் 'வேண்டாம்' என்பதில் கோடு போட்டிருந்தான். அவன் பையை அப்போதே தனியே எடுத்து வைத்து, பிறகு அழித்துவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து முடிவைக் கேட்க வந்தான். கதவைச் சாத்தியதும் உடைந்தான். மனைவி கர்ப்பமாகி மூன்றாம் மாதம் எடுத்த பரிசோதனையில் அவளுக்கு ஒன்றுமில்லை. அதற்குப் பிறகுதான் இவன் வெளியூர் ஓட்டத்தில் ஒருநாள் புத்தி கெட்டுப் போயிருக்கிறான். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. ரத்தம் கொடுத்தால் சோதித்துவிடுவார்களே என்று வந்திருக்கிறான்.

கேள்வியக்கா ஏட்டைப் பார்த்தாள். எல்லாக் கட்டத்திலும் இல்லை, இல்லை என்றிருந்தது. மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள் என்று விதிப்படி சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் அழுத அழுகையில் மனம் இளகி, "ஒண்ணும் இல்ல, நிம்மதியா வீட்டுக்குப் போங்க" என்றும் சொல்லிவிட்டாள்.

அந்த ஒரு வாக்கியம்தான் இப்போது அவளைத் தின்றது. பூஜ்யம் பொய்யென்றால் அவள் சொன்னதும் பொய். அவன் மனைவிக்கு ஏழரை மாதம் ஆகியிருக்கும். நோய் தாயிடம் போயிருந்தால் பிள்ளையிடமும் போகும், பிறப்பதற்குள் கொன்றும் போடும். பிரசவத்துக்கு ஒரு மாதமாவது முன்னால் ஊசி போட்டால் பிள்ளை தப்பும். கணக்குப் பார்த்தால் கையில் இருந்தது இரண்டே வாரம்.

வீட்டில் அவள் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருப்பதைப் பார்த்துக் கணவர் கேட்டார்.

"பூஜ்யம்னா நல்லதுதானே? உனக்குச் சந்தோஷப்படவே தெரியாதா?"

"நம்ம ரெண்டு வாலும் உள் ரூம்ல அரை மணி நேரம் சத்தமே போடலன்னா நீங்க என்ன நினைப்பீங்க?"

"எதையோ உடைச்சிட்டு ஒளிஞ்சிட்டிருக்குதுங்கன்னு நினைப்பேன்."

"அதேதான்" என்றாள். அவர் உள்ளறையை எட்டிப் பார்க்க எழுந்துபோனார்.

மறுநாள் காலை நேரே பரிசோதனைக் கூடத்துக்குப் போனாள். அங்கே சிபிலிஸ் பரிசோதனை செய்கிறவனுக்கு எட்டுநிமிஷம் என்று பெயர். வெள்ளை அட்டையில் உள்ள வட்டத்தில், ரத்தத்தின் தெளிந்த நீர் ஒரு சொட்டு, கரித்தூள் கலந்த மருந்து ஒரு சொட்டு. அட்டையைச் சுழல்மேடையில் வைத்து எட்டு நிமிடம் சுற்றவிட வேண்டும். நோய் இல்லையென்றால் வட்டம் சாம்பலாய், மழமழவென்று இருக்கும். இருந்தால் கரி திரண்டு, மிளகை ஒன்றிரண்டாய்ப் பொடித்துத் தூவியதுபோல் ஆகிவிடும். ஏழரை நிமிடத்தில் எடுத்தான், ஒன்பதுவரை விட்டான் என்று அவனை யாரும் சொல்ல முடியாது. வீட்டில் குளிப்பதும் எட்டு நிமிடம்தான் என்று கேலி செய்வார்கள்.

"தம்பி, மருந்துல ஏதாவது கோளாறு இருக்குமா?"

அவனுக்குச் சுருக்கென்றது. "என் வேலையில குத்தம் சொல்றீங்களாக்கா? தேதி பாத்துத்தான் வாங்குறேன். தினமும் நோய் இருக்குன்னு தெரிஞ்ச ரத்த மாதிரிய முதல்ல போட்டுப் பாக்குறேன். அது திரளுது. குளிர்பெட்டிலேர்ந்து எடுத்து அரை மணி நேரம் மேஜைமேல வெச்சு, அறை வெப்பத்துக்கு வந்த அப்புறம்தான் தொடுறேன். ஆறு வருஷமா இப்படித்தான்."

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினான். கேள்வியக்கா அவனையே பார்த்தாள். கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிச் சட்டை. பக்கத்து மேஜைப் பெண் காதைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள். கூடத்தின் நடுவில் இரண்டு மாதத்துக்கு முன் வந்த புதிய இயந்திரம் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. அதற்குச் சூடு ஆகாது என்று தலைக்கு மேல் புதிதாக ஏசி போட்டிருந்தார்கள். வெளியே ஜனங்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

"தம்பி, இந்தக் கம்பளிய எப்பலேர்ந்து போடுறீங்க?"

"ரெண்டு மாசமாக்கா. பல்லு தந்தியடிக்குது..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றான்.

மருந்து அறையின் வெப்பத்துக்கு வந்தது உண்மைதான். அறைக்கு வெப்பம் இருந்தால்தானே? அங்கே ஒன்பது குளிர்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு வெப்பமானி. நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்துக் குறித்து வைப்பார்கள். மனிதர்கள் நிற்கிற அறைக்கு மட்டும் ஒன்று மாட்ட யாருக்கும் தோன்றவில்லை. ஒரு பெட்டியிலிருந்து மாற்று வெப்பமானியை எடுத்து ஆணியில் தொங்கவிட்டான். கால் மணி கழித்துப் பார்த்தார்கள். பதினேழு டிகிரி. மருந்துப் பெட்டியோடு வந்த தாளில் இருபத்து மூன்றுக்குக் குறையக் கூடாது என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது.

"தெரிஞ்ச ரத்த மாதிரி திரண்டுச்சேக்கா" என்றான் ஈனக்குரலில்.

"அது நோய் முத்தின ரத்தம். குளிர்லயும் திரளும். கொஞ்சமா இருக்கிறதுதான் திரளாம ஏமாத்திடுச்சு."

ஆனைக்கும் அடி சறுக்கும். ஆனால் விதியை மீறிச் சறுக்கியவனைவிட, விதியை அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொண்டு சறுக்கியவனுக்கு வலி அதிகம். எட்டுநிமிஷம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "எத்தனை பேர விட்டிருப்பேனோ" என்று மட்டும் சொன்னான்.

பெரிய டாக்டரிடம் போனால் அவர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். அனுமானம்தானே என்றார். ஜனங்களுக்கு விழிப்புணர்வு வந்திருக்கலாம் என்றார். பிறகு குரலை உயர்த்தினார்.

"நோய் இல்லன்னா சந்தோஷப்படணும்மா! நீ என்னடான்னா வேணும் வேணும்னு தேடுற."

"குளிர்ல வெச்ச பால்ல எத்தன கரண்டி மோர் ஊத்தினாலும் உறையாது சார். அதப் பாத்து மோர்ல குத்தம்னும் சொல்ல முடியாது, பால்ல குத்தம்னும் சொல்ல முடியாது."

"கையெழுத்துப் போடப் போறியா இல்லையா?"

"குடுத்தவங்க ரத்த மாதிரியெல்லாம் ஆறு மாசத்துக்கு உறைபெட்டியில இருக்கு. ஒரே ஒரு காலை நேரம் குடுங்க. நூறு குழாய வெதுவெதுப்பான அறையில போட்டுப் பாக்குறோம். ஒண்ணுகூட திரளலன்னா அந்த நிமிஷமே கையெழுத்து. அதுவரைக்கும் மாட்டேன்."

இருபது வருட வேலையில் அவள் யாரிடமும் மாட்டேன் என்று சொன்னதில்லை. டாக்டர் அவளை முறைத்தார், மேஜைமேல் கிடந்த அறிக்கையை முறைத்தார். வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

பழைய ஏடுகள் அடைந்து கிடந்த அறைதான் கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் வெயில் நேராக உள்ளே விழும். எட்டுநிமிஷம் சுழல்மேடையைத் தூக்கிவந்து வைத்தான், கம்பளிச் சட்டையைக் கழற்றி எறிந்தான். வெப்பமானி இருபத்தாறு காட்டியது. ஒரு அட்டைக்குப் பத்து வட்டம். எந்த நூறு என்று கேள்வியக்காதான் பட்டியல் போட்டிருந்தாள். டிரைவருடைய எண்ணும் அதில் இருந்தது. அது எந்த அட்டையில் வருகிறது என்று பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

முதல் அட்டை, மழமழ. இரண்டாவது, மழமழ. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவதும் அப்படியே. டாக்டர் பாட்டாக எதையோ முனக ஆரம்பித்தார். கேள்வியக்காவுக்கு அவர்மீது கோபம்கூட வரவில்லை. தோற்றுப்போனால் நல்லதுதானே, அந்தப் பிள்ளை பிழைத்ததே என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வட்டத்தையே பார்த்தது.

நான்காவது அட்டையை எடுத்த எட்டுநிமிஷம் குனிந்தான். நிமிரவில்லை.

"அக்கா! திரண்டுருச்சு! அக்கா, ஏழாவது வட்டம் திரண்டுருச்சு!"

கூடத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஓடிவந்தார்கள். வெள்ளை அட்டையில் ஏழாவது வட்டம் மட்டும் பொடிப்பொடியாய்க் கறுத்திருந்தது. டாக்டர் வெயிலில் சாய்த்துப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. காதைச் சுற்றித் துணி கட்டியிருந்த பெண் துணியை அவிழ்த்துக் கைதட்டினாள். நோயைக் கண்டுபிடித்ததற்கு யாராவது கைதட்டுவார்களா? அங்கே தட்டினார்கள். போன பார்வை ரத்த வங்கிக்குத் திரும்பி வந்த சந்தோஷம் அது.

எட்டாவது அட்டையில் இன்னொரு வட்டம் திரண்டது. அது டிரைவருடைய எண். கேள்வியக்கா ஜெயித்துவிட்டாள், ஜெயித்த அதே கணத்தில் கண் கலங்கி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

பெரிய டாக்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெருமை பிடித்தவர்தான், ஆனால் கண்ணால் பார்த்ததை இல்லையென்று சொல்கிற ஆள் இல்லை. அன்றைக்கே இரண்டு மாதக் குழாய்கள் அத்தனையையும் வெளியே எடுக்கச் சொன்னார். மூன்று நாளில் ஆயிரம் மாதிரி. ஏழு பேருக்குத் திரண்டது, வேறு வகைப் பரிசோதனையிலும் உறுதியானது. அந்த ஏழில் நான்கு பைகள் நோயாளிகளுக்கு ஏறியிருந்தன. நாலும் ஒரு வாரத்துக்கு மேல் குளிர்பெட்டியில் இருந்தவை, அந்தக் குளிரில் இந்தக் கிருமி தாங்குவது அரிது. ஆனாலும் நான்கு பேரையும் கூப்பிட்டு உண்மையைச் சொல்லி, சோதித்து, மறுபடி சோதித்து, தொற்று இல்லையென்று உறுதி செய்த பிறகுதான் ஓய்ந்தார்கள். கேடயம் கொடுக்க வந்தவர்களிடம் டாக்டர் அறிக்கையை நீட்டினார். பூஜ்யத்தை அடித்து ஏழு என்று தன் கையாலேயே எழுதியிருந்தார். கேடயம் திரும்பிப் போயிற்று. அதே இயந்திரம் போயிருந்த இன்னும் பதினோரு ரத்த வங்கிகளுக்கு, அறையின் வெப்பத்தைப் பாருங்கள் என்று உத்தரவு போயிற்று. அங்கேயும் கம்பளிச் சட்டைகள் இருந்தன. அங்கேயிருந்து இருபத்து மூன்று பேர் கிடைத்தார்கள், சிகிச்சைக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் கேள்வியக்காவுக்கு வெள்ளிக்கிழமைவரை காத்திருக்க நேரமில்லை. எட்டாவது அட்டை திரண்ட அன்று மதியமே டிரைவரின் போனுக்கு அடித்தாள், கிடைக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அணைத்துவைப்பான் போலிருக்கிறது. வீட்டு எண்ணுக்குச் சொல்லக் கூடாது, அது அவன் ரகசியம். பஸ் நிலையத்துக்குப் போனாள், அவன் வண்டியைக் கண்டுபிடித்தாள், டிக்கெட் எடுத்து முன் இருக்கையில் உட்கார்ந்தாள். கண்ணாடியில் அவளைப் பார்த்தவன் இரண்டு தடவை கியர் மாற்றத் தடுமாறினான். கடைசி நிறுத்தம் வரை ஐம்பது நிமிடம். எல்லோரும் இறங்கிப் போகும்வரை காத்திருந்தாள்.

"நான் உங்ககிட்ட சொன்னது தப்பு" என்று தொடங்கினாள். "எங்க பரிசோதனை தப்பாப் போச்சு. உங்களுக்குத் தொற்று இருக்கு. உங்க தப்ப நான் பேச வரல, எங்க தப்பச் சொல்ல வந்தேன். ஆனா இன்னும் நேரம் இருக்கு."

அவன் முதலில் கத்தினான். நிம்மதியா போன்னு சொன்னீங்களே என்றான். ஆமாம், சொன்னேன் என்றாள் அவள். கத்தி முடித்து ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

"இதச் சொன்னா அவ என்னைக் கொன்னுடுவா."

"கொல்லட்டும். முதல்ல ஊசியப் போட்டுட்டு அப்புறம் கொல்லட்டும். நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் வாங்க."

வருவார்களோ மாட்டார்களோ என்று அவளுக்கு விடிய விடியத் தூக்கமில்லை. காலையில் கதவு திறந்தபோது முதலில் வயிறு வந்தது, பின்னால் அந்தப் பெண் வந்தாள், இரண்டடி தள்ளி டிரைவர் வந்தான். அவளுக்கு அழுது வீங்கிய முகம், ஆனால் நடையில் தளர்ச்சி இல்லை.

"அந்த ஊசி எங்கக்கா போடணும்?"

"உங்களுக்கும் முதல்ல சோதிக்கணும்மா. உக்காருங்க."

"உக்காந்தா அழுதுடுவேன். இவர அப்புறமா கவனிச்சிக்கிறேன், அது எங்க வீட்டுக் கணக்கு. இப்ப பிள்ளைக்கு என்ன செய்யணுமோ அதச் சொல்லுங்க."

அவளுக்கும் தொற்று இருந்தது. வாரத்துக்கு ஒன்றாக மூன்று பென்சிலின் ஊசி. மருந்து கெட்டியானது, ஏறும்போது உயிர் போகும். ஒரு தடவைகூட அவள் முனகவில்லை. அடுத்த கட்டிலில் அதே ஊசிக்கு டிரைவர் போட்ட கூச்சலில்தான் முதல் தடவையாகச் சிரித்தாள். மூன்றாவது ஊசி முடிந்து சரியாக முப்பத்தெட்டாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ நூறு கிராம். குழந்தையை உச்சி முதல் உள்ளங்கால்வரை பார்த்தும் மருத்துவர்கள் ஒரு குறையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் தாயின் ரத்தத்திலிருந்து வந்த எதிர்ப்பொருள் பிள்ளையின் ரத்தத்திலும் கொஞ்ச நாள் இருக்கும், அட்டையில் திரளும். அது பிள்ளையுடையதில்லை என்றால் ஆறு மாதத்துக்குள் மறைந்துவிடும். அதுவரை உறுதியாகச் சொல்ல முடியாது. கேள்வியக்கா இந்தத் தடவை நிம்மதியா போங்க என்று சொல்லவில்லை. "ஆறாவது மாசம் தூக்கிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு பல் முளைத்திருந்தது. பார்த்தவர்கள் விரலையெல்லாம் கடித்துப் பார்த்தது. டிரைவர் முன்னைப்போல இரண்டடி தள்ளி நடக்கவில்லை, ஓரடிதான். எட்டுநிமிஷம் இப்போது நிரந்தரமாக ஏட்டறையில்தான் வேலை செய்தான். சுவரில் தலைமை அலுவலகம் அனுப்பிய வெப்பமானி, அதற்கென்று தனி ஏடு. வெப்பத்தை இரண்டு தடவை பார்த்து எழுதினான், இருபத்தாறு. குழந்தையின் மாதிரி ஒரு சொட்டு, மருந்து ஒரு சொட்டு. அட்டை சுற்ற ஆரம்பித்தது.

எதேச்சையாக வந்ததுபோல் பெரிய டாக்டரும் வந்து நின்றார். கேள்வியக்கா கேட்டாள், மருந்து தேதி பாத்தீங்களா, தெரிஞ்ச மாதிரி போட்டீங்களா, அது திரண்டுச்சா என்று. எல்லாவற்றுக்கும் எட்டுநிமிஷம் தலையாட்டினான். தாய் மட்டும் பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு, சுற்றுகிற அட்டையைக் கண் இமைக்காமல் பார்த்தாள்.

மேடை நின்றது. குனிந்தார்கள், ஐந்து தலையும் இடித்துக்கொண்டது. நோய் இருப்பது தெரிந்த மாதிரியின் வட்டம் கறுத்துத் திரண்டிருந்தது. பக்கத்தில் குழந்தையின் வட்டம் சாம்பலாய், மழமழவென்று, ஒரு பொட்டு இல்லாமல் இருந்தது.

"இல்லக்கா!" என்று கத்தினான் எட்டுநிமிஷம். "ஒண்ணும் இல்ல!"

அந்தப் பெண் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் என்று அன்றைக்குச் சொன்னதை எட்டு மாதம் கழித்து நிறைவேற்றினாள். டிரைவர் பிள்ளையை வாங்கித் தலைக்கு மேலே தூக்க, அது அவன் முடியைப் பிடித்து இழுத்தது. டாக்டர் முடிவுத்தாளில் தன் கையெழுத்தைப் போட்டுக் கேள்வியக்கா பக்கம் தள்ளினார்.

"என்னம்மா, இந்தப் பூஜ்யத்தையாவது நம்புவியா?"

அவள் பேனாவைத் திறந்தாள். வெப்பமானியை நிமிர்ந்து பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். அதற்கப்புறம் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டாள்.